தேவசகாயத்தின் முகத்தில் ஒரு முத்திரை

இறந்துபோன ஒரு மனிதரின் வாயை நான் அடைத்திருக்கிறேன். கோபத்தில் செய்ததல்ல, கை தவறியும் நடந்ததல்ல. ஸ்கேல் வைத்து அளந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு செய்தேன். செய்து முடித்ததும் என்ன நேர்த்தி என்று என்னையே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். (அந்த நேரத்தில் யாராவது என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருந்தால், அவர் இருக்கும் திசை பார்த்து இன்றைக்கும் கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.)

பதினைந்து வருடங்கள் ஆகின்றன. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. செகந்திராபாத் பக்கம் ஒரு பழைய கல்லூரியின் நூலகத்தில் பயிற்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இன்னும் எனக்கு அங்கே உள்ளே போக அனுமதி இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. நான் முதலில் கணிதம் படித்தவள், பிறகு நூலக அறிவியல் படித்தவள். இந்த இரண்டும் ஒரே மண்டைக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நூலகத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது யாருடையது என்று அதன் மேலேயே குத்திவிட வேண்டும். புத்தகம் வந்தால் தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒரு ரகசியப் பக்கத்தில் ஒன்று. எந்தப் பக்கம் என்பது ஊழியர்களுக்கு மட்டும்தான் தெரியும். திருடன் முதலையும் கடைசியையும் கிழித்துவிட்டாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். புத்தகத்துக்குள் படங்கள் இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒன்று. அதற்கென்றே கட்டைவிரல் நகம் அளவில் ஒரு குட்டி முத்திரை வைத்திருந்தோம்.

முதல் வாரமே தலைமை நூலகர் ராவ் சார் எனக்குப் பாடம் நடத்தினார். சென்னையில் படித்தவர், தெலுங்கு வாடையோடு நன்றாகவே தமிழ் பேசுவார்.

"படத்துக்கு எங்கேம்மா குத்துவே?"

"ஓரத்துல சார். படம் கெடாம."

"சூடு, இங்க பாரு, இதான் தப்பு. ஓரத்துல குத்தினா திருடன் ஓரத்தை வெட்டிட்டு எடுத்துட்டுப் போறான். சென்டர்ல குத்தணும். சென்டரை எவன் வெட்டுவான்?"

ஆஹா, என்ன ஒரு தர்க்கம் என்று சிலிர்த்துப்போனேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கூடச் சொன்னேன். அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டே, "நல்ல படத்து நடுவுல மையைக் கொட்டுறதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வச்சோம்?" என்றாள். படிப்பறிவில்லாதவள் என்று மனதுக்குள் ஒதுக்கிவிட்டேன். (அம்மா பத்தாவது வரை படித்தவள். நான்தான் அறிவில்லாதவள்.)

அந்த வருடம் கல்லூரியின் பழைய விளையாட்டு அறையை இடித்தார்கள். அங்கேயிருந்து இரண்டு தகரப் பெட்டிகள் நூலகத்துக்கு வந்தன. ஒன்றில் உதவித்தொகை பெற்ற மாணவர்களின் பதிவேடுகளும் செல்லரித்த சரித்திரப் புத்தகங்களும் இருந்தன. இன்னொன்றில் கல்லூரி அணிகளின் புகைப்படங்கள், பதினெட்டு. கெட்டி அட்டையில் ஒட்டியவை. கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் என்று வரிசை வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கீழே அழகான கையெழுத்தில் பெயர்கள். கால்பந்து அணியில் பாதிப் பேர் வெறுங்காலோடு, கணுக்காலில் மட்டும் துணிக்கட்டுப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டி வந்து பத்து நாள் இருக்கும். ஒரு காலை நேரத்தில் ஓர் அம்மா கவுண்டருக்கு வந்தார். எழுபதை நெருங்கும் வயது, தோளில் ஒரு துணிப்பை. எங்கள் உதவியாளர் யூசுஃப் பாயிடம் ஏதோ கேட்டார். அவர் ஒன்றும் இல்லை என்று கையை விரித்ததும், "இங்கயும் இல்லியா" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார். அந்த ஒரு வார்த்தை போதும், நான் கவுண்டரைச் சுற்றி ஓடினேன்.

"என்ன வேணும் ஆன்ட்டி? நானும் தமிழ்தான்."

"அப்படியா பாப்பா! எங்க அப்பா இந்தக் காலேஜ்ல படிச்சாரு. தேவசகாயம்னு பேரு. ஃபுட்பால் நல்லா ஆடுவாராம். எங்கயாச்சும் அவரு ஃபோட்டோ இருக்குமா?"

அவர் பெயர் பிலோமினா. குஷாய்குடாவில் மகன் வீட்டில் இருந்தார். தாத்தா காலத்திலேயே ரயில்வே பட்டறை வேலைக்காக இங்கே வந்த குடும்பம். அந்தப் பட்டறைத் தொழிலாளியின் மகன்தான் தேவசகாயம். உதவித்தொகையில் படித்து, ரயில்வேயிலேயே கிளார்க் ஆகி, கல்யாணம் முடித்து, டைபாய்டில் போய்விட்டார். பிலோமினா அப்போது நான்கு மாதக் குழந்தை.

"வீட்டுல ஒரு ஃபோட்டோ கூடவா இல்ல?"

"ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, கல்யாண ஃபோட்டோ. எங்க அம்மா அதை அவரு சவப்பெட்டிக்குள்ளயே வெச்சு அனுப்பிடுச்சு. ஏன் அப்படிப் பண்ணேன்னு ஒரு தடவை கேட்டேன். அவரு தனியா போறாரேன்னு வெச்சேன்னு சொல்லிச்சு." அவர் துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டே பேசினார். "அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா எனக்கு அறுபத்தெட்டு வயசாவுது. எங்க அப்பா மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாமலே போயிடுவேனோன்னு ஒரு பயம்."

போன் எண்ணை வாங்கிக்கொண்டு, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாளில் கிடைத்துவிட்டார். முதலில் உதவித்தொகைப் பதிவேட்டில் பெயர், அதை வைத்து வருடம், வருடத்தை வைத்துப் படம். கால்பந்து அணி. கீழே, 'அமர்ந்திருப்போர்' வரிசையின் நடுவில், ஏ. தேவசகாயம், கேப்டன். அவருக்குப் பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு பேராசிரியர். நான் அந்தப் பெயரைப் படித்ததும் போனுக்கு ஓடினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நான் பெயரைப் படித்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருப்பேன், கண் மேலோட்டமாகப் போயிருக்கும். ஆனால் பார்க்கவில்லை. பெயர் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஜென்மம் நான்.

"கிடைச்சிட்டார் ஆன்ட்டி! நடுவுல உக்காந்திருக்கார், கேப்டன்!"

மறுமுனையில், "இப்பவே வரட்டா?" என்று ஒரு குரல், சின்னப் பெண் கேட்பதைப்போல.

ராவ் சாரிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பதிவேட்டில் எண் ஏறாத, முத்திரை குத்தாத எதையும் வெளியாளுக்குக் காட்டக்கூடாது, பிரதி எடுக்கவும் கூடாது என்பது விதி. "வியாழக்கிழமை வரச்சொல்லு. அதுக்குள்ள பதினெட்டையும் ரிஜிஸ்டர்ல ஏத்திடு" என்றார். அன்று திங்கட்கிழமை.

செவ்வாய் முழுக்கப் பதிவேட்டில் எழுதினேன். புதன் மதியம் முத்திரைக்கு உட்கார்ந்தேன். ராவ் சார் சொன்னது 'சென்டர்'. ஆளாளுக்குக் கண் மதிப்பில் சென்டர் என்று குத்துவார்கள், நான் கணிதம் படித்தவள் ஆயிற்றே. இரண்டு நீள ஸ்கேல்களைப் படத்தின் மூலைக்கு மூலை குறுக்காக வைத்தேன். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, ஸ்கேலை எடுத்து, குட்டி முத்திரையை ஊதா மையில் தோய்த்து, டக்.

பதினெட்டுப் படங்கள், பதினெட்டு டக். ஹாக்கி அணியில் ஒரு பிரின்சிபாலின் வயிற்றில் விழுந்தது. கிரிக்கெட்டில் கோப்பையின் மேல். கால்பந்தில் எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. என் கண் ஸ்கேல் மேல் இருந்தது. வரிசையாகக் காயவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீயைப்போல ருசியான டீ அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

வியாழன் காலை படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். யூசுஃப் பாய் குனிந்து பார்த்தார்.

"மேடம், கேப்டன் சாப் யாரு?"

"நடுவுல இருக்கிறவர்."

"நடுவுலயா?" அவர் என் முகத்தைப் பார்த்தார். "அவருக்கு வாய் இல்லியே."

மூக்கின் கீழிருந்து மோவாய் வரை கச்சிதமாக எங்கள் கல்லூரியின் முத்திரை. ஒரு நூல் இடமோ வலமோ பிசகவில்லை.

ஆன்ட்டி பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி பத்து. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்தேன்.

"நக்கோ மேடம், நக்கோ! ஸ்பிரிட் வேணாம்!" என்று யூசுஃப் பாய் கத்தினார். முப்பது வருடமாக அந்த மையோடு குடித்தனம் நடத்தியவர் சொல்கிறார், கேட்க வேண்டுமா வேண்டாமா? கேட்கவில்லை. லேசாக ஒரு துடை. நகம் அளவில் இருந்த ஊதா, மோவாயிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. இன்னொரு துடை. இப்போது கழுத்தும் சேர்ந்து போயிற்று. அதுவரை முத்திரைக்கு அடியில் மங்கலாக ஏதோ ஒரு கோடாவது தெரிந்தது. துடைத்த பிறகு அதுவும் இல்லை. யூசுஃப் பாய் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டார்.

பிலோமினா ஆன்ட்டி பத்தரைக்கே வந்துவிட்டார். கஞ்சி போட்ட பட்டுக்கரைச் சேலை. மகன் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தார். எனக்கென்று ஒரு பெட்டி உஸ்மானியா பிஸ்கெட். "உன்னாலதான் பாப்பா" என்று அதை என் கையில் வைத்தார். அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கும்.

படத்தை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரல் வெறுங்கால்களின் வரிசையில் போயிற்று, பெயர்களைத் தடவியது, மேலே ஏறியது, நின்றது.

"இதுவா அப்பா?"

"ஆமா ஆன்ட்டி."

"கண்ணு எங்க பெரியவன் மாதிரியே இருக்கு. பாருடா." மகனைப் பக்கத்தில் இழுத்தார். பிறகு இன்னும் குனிந்தார். "இது இன்னாது, ஊதாவா?"

"முத்திரை."

"யாரு குத்துனது?"

அந்தக் குட்டி முத்திரையில் தேதி கிடையாது. எந்தக் காலத்திலோ, செத்துப்போன எவரோ குத்தினார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்துவிட்டது. யூசுஃப் பாய் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு என்னைப் பார்த்தது.

"நான்தான். நேத்து."

ஆன்ட்டி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மகன்தான் முகம் சிவந்து, "கைக்கு? ஏன் இப்படிப் பண்ணீங்க மேடம்?" என்று ஆரம்பித்தார். அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எந்தத் தேர்விலும் எந்த நேர்முகத்திலும் அவ்வளவு கஷ்டமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"குத்துறதுக்கு முன்னாடி நீ பார்த்திருப்பல்ல பாப்பா? வாய் எப்படி இருந்துச்சு? சிரிச்சிக்கிட்டு இருந்தாரா, உர்ருன்னு இருந்தாரா?"

உலகத்தில் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அநேகமாக நான் ஒருத்திதான். எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடித் தேடிப் பார்த்தேன். ஸ்கேல் தெரிந்தது. ஸ்கேலில் இருந்த சென்டிமீட்டர் கோடுகள் தெரிந்தன.

"சிரிச்சிட்டு இருந்தார் ஆன்ட்டி."

"நெஜமா?"

நான் யூசுஃப் பாயின் முதுகைப் பார்த்தேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

"தெரியல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, அந்த அமைதியான நூலகத்தில் ஓவென்று அழுதேன். படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். அந்த அம்மாதான் எனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். "அழறது நக்கோ. கண்ணாச்சும் பார்த்தேன்ல, அது போதும்" என்றார். போதாது என்பது அவர் எழுந்து நடந்த விதத்திலேயே தெரிந்தது. வாசல் வரை போய்விட்டு, திரும்பி வந்து, இன்னொரு தடவை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

ராவ் சார் மாலையில் பதினெட்டுப் படங்களையும் பரப்பிவைத்தார். ஸ்கேலை வாங்கி அவரே மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் சரியாக நடு. பெருமூச்சு விட்டார்.

"என் சர்வீஸ்ல இவ்ளோ கரெக்டா யாரும் குத்தலம்மா" என்றார். அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் சொன்னது புத்தகத்துல வர்ற படத்துக்கு. இது மனுஷங்கம்மா. நானும் சொல்லியிருக்கணும், சொல்லல." பாதிப் பழியை அவர் ஏற்றுக்கொண்டதில் எனக்கு இன்னும் அவமானமாகப் போயிற்று.

வீட்டில் தம்பி செந்தில் அப்போதுதான் மென்பொருள் வேலையில் சேர்ந்திருந்தான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றதும் அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது. (அபூர்வம்.) "இதுக்கா அக்கா இவ்வளவு பரேஷான்? பக்கத்துல இருக்கிறவன் வாயை வெட்டி ஒட்டிடறேன். அரை மணி நேர வேலை. யாருக்குத் தெரியப்போகுது?"

ஒரு இரவு முழுக்க அந்த ஆசை என்னைப் படுத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலையில், "வேண்டாம்டா, அவங்க அப்பா வாய்தான் வேணும்" என்றேன். "அப்ப ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனான்.

ஜெபம் செய்யவில்லை. நூலகத்திலேயே தேடினேன். எங்கள் கல்லூரி மலர்கள் ஆண்டுவாரியாகக் கட்டித் தைக்கப்பட்டு இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று ஒன்றாகப் புரட்டினேன். வேறொரு படமாவது இருக்காதா? மூன்று வாரம் இப்படியே போயிற்று. தேவசகாயம் எழுதிய ஒரு ஆங்கிலக் கட்டுரை கிடைத்தது, அவர் அடித்த கோல்களைப் பற்றி ஒரு பத்தி கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. வாரம் ஒரு முறை ஆன்ட்டிக்குப் போன் செய்து, கிடைத்ததைப் படித்துக் காட்டுவேன். "எங்க அப்பா இங்கிலீஷ்ல எழுதுவாரா!" என்று அவர் வியப்பார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

கடைசியில் ஒரு பிரிவுபசாரச் செய்தியில் துப்பு மாட்டியது. படத்தில் கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சரித்திரப் பேராசிரியர் வேறொரு கல்லூரிக்கு மாற்றலாகிப் போகிறார். கால்பந்து அணி தன் குழுப் படத்தைச் சட்டம் போட்டு அவருக்குப் பரிசளிக்கிறது. அதே படம்! ராவ் சாரிடம் ஓடினேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பேராசிரியரின் புத்தகங்கள் எல்லாம் அவர் காலமானபின் ஹைதராபாத்தில் கோட்டி பக்கம் இருக்கும் அந்தக் கல்லூரி நூலகத்துக்குத்தான் போயின. "படமும் போயிருக்கும். நான் லெட்டர் தரேன், போ" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஸ்கேல் எடுத்துட்டுப் போகாதே" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த நூலகத்தில் நசீமா மேடம் என்று ஒருவர். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இருக்கு, இருக்கு. அவரு கொடுத்த ஒரு காகிதம் கூட இங்கருந்து போனதில்ல. எங்ககிட்ட எல்லாம் பக்கா" என்று தக்கனி உருதுவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போய், துணி சுற்றிய ஒரு சட்டத்தைத் தூக்கி வந்தார். "பாருங்க, முத்திரை கூடக் குத்தி வெச்சிருக்கோம்."

"எங்கே குத்தியிருக்கீங்க?"

"அரே, சென்டர்லதான். வேற எங்க குத்துவாங்க?"

துணியை விலக்கினார். அதே வெறுங்கால்கள். அதே கட்டிய கைகள். நடுவில் அதே கேப்டன். அவருடைய நெற்றியையும் இரண்டு கண்களையும் சேர்த்து, பச்சை மையில், இன்னொரு கல்லூரியின் முத்திரை.

நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாவம் அந்த மனிதர்! இரண்டு கல்லூரிகளும் போட்டிபோட்டுக்கொண்டு அவர் முகத்திலேயே குத்த வேண்டுமா? அழுகை வரப்போகும் நேரத்தில் சட்டென்று உறைத்தது. இவர்கள் குத்தியது கண்ணில். ஏனென்றால் இவர்களிடம் ஸ்கேல் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் கண் மதிப்பில் குத்தியிருக்கிறார், அரை விரற்கடை மேலே போய்விட்டது. மூக்கும் வாயும் மோவாயும் அப்படியே இருந்தன.

என் கல்லூரியிடம் மேல் பாதி இருந்தது. இவர்களிடம் கீழ் பாதி.

நான் சிரித்த சிரிப்பில் நசீமா மேடம் பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "தோபா தோபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, தாமே ஸ்கேன் எடுத்துத் தந்தார்.

செந்தில் அன்று சாயங்காலமே இரண்டையும் ஒட்டிவிட்டான். ஒரே கண்ணாடி நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதிகள், மூக்கின் பாதியில் இம்மி பிசகாமல் சேர்ந்தன. இந்தத் தடவை நான் பெயரைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், கண் வலிக்கும் வரை பார்த்தேன். பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நானும் செந்திலும் குஷாய்குடாவுக்குப் போனோம்.

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். ஆன்ட்டி படத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

அணியில் இருந்த பதினோரு பேரில் பத்துப் பேர் உர்ரென்றுதான் இருந்தார்கள். தேவசகாயம் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்சநஞ்சச் சிரிப்பு இல்லை. கேமராக்காரர் அசையாதே என்று சொல்லச் சொல்ல அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்ட சிரிப்பு. மேல்வரிசையில் ஒரு முன்பல், பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருந்தது.

ஆன்ட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து வரச்சொன்னார். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே பல் தெரியச் சிரித்துப் பார்த்தார். அதே பல். அதே இடத்தில், அதே மாதிரி ஏறி.

"நான் சின்ன வயசுல சிரிச்சா எங்க அம்மா எழுந்து உள்ள போயிடும்" என்றார். யாருக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொன்னார். "எதுனா வேலை இருக்கும் மாதிரி போயிடும். என்னைப் புடிக்காதோன்னு எவ்ளோ நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா? அம்மா செத்தப்பக் கூட அந்த வலி இருந்துச்சு." கண்ணாடியைக் கீழே வைத்தார். "இதுக்குத்தானா அம்மா? இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் அழுதார், மருமகள் அழுதார், நான் அழுதேன். செந்தில் கூட மூக்கை உறிஞ்சினான், கேட்டால் ஜலதோஷம் என்பான். போகும்போது ஆன்ட்டி என் கன்னத்தைப் பிடித்து, "நீ ஒழுங்கா குத்தியிருந்தா நான் ஒரு தடவை பார்த்துட்டுப் போயிருப்பேன். அவரு எழுதுனது, கோல் அடிச்சது ஒண்ணும் எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது. சமாதானம் ஆகிவிட்டேன் என்று நான் பாசாங்கு செய்யவில்லை. அந்தப் படத்தில் ஊதாக் கறை இன்னும் இருக்கிறது, என் பெயர் சொல்லிக்கொண்டு.

பிறகு எந்த வேலைக்குப் போனாலும் படங்களுக்கு நான் பின்பக்கத்தில், மெல்லிய பென்சிலில்தான் எண் எழுதினேன். எழுதுவதற்கு முன் திருப்பி ஒரு தடவை எல்லா முகங்களையும் பார்த்துவிடுவேன். புதிதாக வருபவர்கள் எதற்கு மேடம் இவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். காரணம் சொல்ல மாட்டேன், மானம் போய்விடும். எங்கள் வீட்டில் மட்டும் யார் கல்யாணமானாலும் குழுப் படம் எடுக்கும் நேரத்தில் செந்தில் சத்தம் போடுவான்: "நடுவுல யாரும் உக்காராதீங்க, அக்கா வந்திருக்கா!"

ஆனால் இந்தக் கதையை உண்மையில் சொந்தமாக்கிக்கொண்டது குஷாய்குடா வீடுதான். அந்தக் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் எனக்கு அழைப்பு வரும். போன மாதம் ஆன்ட்டியின் பேத்திக்குப் பெண் குழந்தை. தொட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு வழக்கம்போல வழக்கு நடந்தது. "மேல் பாதி உங்க காலேஜ் மேடம், கண்ணைப் பாருங்க" என்றார் மகன். "நக்கோ மாமா, ஃபுல் கீழ் பாதிதான், நசீமா மேடம் காலேஜ்" என்றாள் இன்னொருத்தி. சின்னப் பிள்ளைகள் இந்தியில் ஒரு பக்கம், தெலுங்கில் ஒரு பக்கம் கட்சி கட்டினார்கள்.

எண்பத்து மூன்று வயது பிலோமினா ஆன்ட்டி கட்டிலில் இருந்தபடியே கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள்.

"பல்லு மொளைக்கட்டும்" என்றார். "அதுவரைக்கும் எந்தக் காலேஜும் எங்க புள்ள மேல கை வெக்கக் கூடாது."